மழையில் கார் வழுக்கினால்: அறிகுறியிலிருந்து சரியான டயர் வரை

ஐப்பசி மழை இறங்கிய முதல் வாரத்தில் சென்னையின் டயர் கடைகளில் அதிகம் கேட்கும் கேள்வி, "மழைக்கு எந்த டயர் நல்லது?" என்பதுதான். டர்போ பெட்ரோல் எஞ்சின் பொருத்திய வேகமான செடான்களையும் ஹேட்ச்பேக்குகளையும் வைத்திருப்பவர்கள் இதைக் கூடுதல் கவலையோடு கேட்கிறார்கள். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் இந்தக் கேள்விக்கு ஒற்றைப் பதில் இல்லை. கார் வழுக்குகிறது என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது இரண்டு வெவ்வேறு கோளாறுகளை. ஈரம் மட்டுமே படிந்த சாலையை ரப்பர் பற்றாமல் போவது ஒன்று. தேங்கிய நீரைப் பிளக்க முடியாமல் டயர் அதன்மேல் ஏறி மிதப்பது மற்றொன்று. முதல் கோளாறுக்கான மருந்து ரப்பர்க் கலவையில் இருக்கிறது. இரண்டாவதற்கான மருந்து டயரின் பள்ளங்களிலும் அகலத்திலும் காற்றழுத்தத்திலும் இருக்கிறது. எது நம் கோளாறு என்று தெரியாமல் வாங்கினால், விலை உயர்ந்த டயரை மாட்டிய பிறகும் அதே இடத்தில் அதே விதமாக வழுக்கும். ஆகவே அறிகுறியிலிருந்து தொடங்குவோம்.

கடைக்குப் போகும் முன்

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் வீட்டு வாசலிலேயே நான்கு விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும். இதற்குத் தேவையானவை ஒரு காற்றழுத்த அளவி, ஒரு பள்ள ஆழ அளவி, ஒரு டார்ச் ஆகியவை மட்டுமே.

முதலாவது காற்று. கார் ஓடாமல் சில மணி நேரம் நின்ற பிறகு, காலையில் அளக்க வேண்டும். ஓடிச் சூடேறிய டயர் சில பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். அளந்ததை ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்திலோ பெட்ரோல் மூடியின் உள்பக்கத்திலோ ஒட்டியிருக்கும் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் அழுத்தம் அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு; அது உங்கள் காருக்கு நிரப்ப வேண்டிய அளவு அல்ல.

இரண்டாவது பள்ளத்தின் ஆழம், அதாவது கடைகளில் "பட்டன் எவ்வளவு இருக்கு" என்று கேட்பது. உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என மூன்று இடங்களிலும் தனித்தனியாக அளக்க வேண்டும். நின்றுகொண்டு பார்த்தால் வெளிவிளிம்பு மட்டுமே கண்ணில் படும். முன்சக்கரத்தின் உள்விளிம்பைப் பார்க்க ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பி நிறுத்த வேண்டும். பின்சக்கரத்துக்குத் தரையில் குனிந்து டார்ச் அடிக்க வேண்டியதுதான். பள்ளத்தின் அடியில் குறுக்காக ஓடும் சிறு மேடுகள் 1.6 மில்லிமீட்டரில் நிற்கின்றன. அவை டிரெட்டோடு, அதாவது தரையைத் தொடும் ரப்பர்ப் பரப்போடு, சமமாகிவிட்டால் டயர் சட்டப்படியே முடிந்தது. மழைக்கு அந்த எல்லை மிகவும் தாமதமானது. வேகமாக ஓட்டப்படும் காரில் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிட வேண்டும் என்பதும், புரட்டாசி மாதத்தில் 4 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் அந்த மழைக்காலத்தை அந்த டயரோடு கடக்க நினைக்கக் கூடாது என்பதும் என் கருத்து.

மூன்றாவது வயது. பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 3222 என்றிருந்தால் 2022-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம். இந்த முழு வரி பெரும்பாலும் ஒரு பக்கச்சுவரில் மட்டுமே இருக்கும் என்பதால், வெளிப்பக்கத்தில் காணாவிட்டால் உள்பக்கம் பார்க்க வேண்டும்.

நான்காவது மாட்டிய திசை. இதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

இந்த நான்கிலேயே கோளாறு தீர்ந்துவிடுவது உண்டு. தீராவிட்டால் கீழுள்ள அறிகுறிகளில் எது உங்களுடையது என்று பாருங்கள்.

தூறலிலேயே, 40 கிலோமீட்டர் வேகத்திலேயே பிரேக் பெடல் துடிக்கிறது

சாலையில் நீர் தேங்கவே இல்லை. மழை பெய்யத் தொடங்கிச் சில நிமிடங்கள்தான் ஆகின்றன. சிக்னலில் நிற்கப் பிரேக்கை மிதித்தால் பெடல் காலுக்கடியில் கடகடவென்று துடிக்கிறது. கார் எதிர்பார்த்த இடத்தைத் தாண்டிப் போய் நிற்கிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டதால், அதைத் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு இடைவிடாமல் வேலை செய்கிறது என்பதே அந்தத் துடிப்பின் பொருள்.

வெயில் நாட்களில் சாலையில் படிந்த எண்ணெய்த் துளியும் ரப்பர்த் தூளும் புழுதியும் முதல் மழையில் நீரோடு கலந்து மெல்லிய கூழாகின்றன. அந்தப் படலம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதை வடிக்கப் பெரிய பள்ளம் தேவையில்லை. சாலைப் பரப்பில் இருக்கும் நுண்ணிய மேடுகளை ரப்பர் அந்தப் படலத்தைத் துளைத்துப் போய்த் தொட வேண்டும். தொட்டு, அவற்றின்மேல் வளைந்து படிந்து, நகரும்போது ஆற்றலை உறிஞ்ச வேண்டும். இது முழுக்க முழுக்க ரப்பரின் மென்மையையும் கலவையையும் பொறுத்தது.

முதலில் இடத்தைக் கவனியுங்கள். வரிக்குதிரைக் கோடுகளின் பெயின்ட்டின் மேலும், மேம்பால இணைப்புகளின் இரும்புப் பட்டைகளின் மேலும் மட்டும் துடித்தால் அது டயரின் குறை அல்ல. அங்கே எந்த டயரும் வழுக்கும். பிரேக்கை அதற்கு முன்பே முடித்துக்கொள்ள வேண்டும். சாதாரணத் தார்ச்சாலையிலும் துடித்தால் மட்டுமே டயரைச் சந்தேகிக்கலாம்.

அப்போது பார்க்க வேண்டியது வயது. வாரத்தில் ஒரு நாள் மட்டும் வெளியே வரும் கார்களில் இந்தக் கோளாறை அடிக்கடி காண்கிறேன். ஓட்டம் குறைவு என்பதால் பள்ளம் 5 மில்லிமீட்டர் இருக்கும். பார்வைக்குப் புதிதுபோல் இருக்கும். ஆனால் ஆறு, ஏழு கோடைகளை நின்றபடியே தாங்கிய ரப்பர் இறுகிப் போயிருக்கும். டிரெட் கட்டையில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். நல்ல ரப்பர் சற்று உள்வாங்கி மெல்ல மீளும். இறுகியது நகத்தையே மடக்கும், பளபளப்பாக இருக்கும், பள்ளத்தின் அடியில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரியும். அத்தகைய டயருக்கு மீதமிருக்கும் பள்ளத்தைப் பார்த்து ஆறுதல் அடையக் கூடாது. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும், எப்படியிருந்தாலும் பத்து ஆண்டுகளைத் தாண்டக் கூடாது என்று பெரிய டயர் நிறுவனங்கள் அறிவுறுத்துகின்றன. நம் வெயிலுக்கும் ஒரு வேகமான காருக்கும் பத்து என்பது மிக அதிகம்; ஆறாவது ஆண்டில் மாற்றிவிடுவதே நல்லது என்று நான் கருதுகிறேன்.

மாற்றும்போது தேட வேண்டியது சிலிக்கா மிகுந்த கலவை. முன்பெல்லாம் டயர் ரப்பருக்கு வலுவூட்டக் கார்பன் கரியே முதன்மையாகச் சேர்க்கப்பட்டது. 1992-இல் மிஷெலின் நிறுவனம் அதன் பெரும்பகுதியைச் சிலிக்காவால் மாற்றிய கார் டயரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. உருளும்போது குறைவான ஆற்றலை விழுங்கி, சாலையின் நுண்மேடுகளில் உரசும்போது அதிக ஆற்றலை உறிஞ்சும் தன்மை சிலிக்காக் கலவைக்கு உண்டு. மைலேஜும் ஈரப்பிடிமானமும் ஒன்றையொன்று விழுங்காமல் சேர்ந்திருக்க வழி பிறந்தது அப்போதுதான்.

கடையில் கலவையைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தரக்குறியைத்தான் நம்ப வேண்டும். ஐரோப்பிய லேபிளில் மழைமேகப் படத்துக்குக் கீழே ஏ முதல் இ வரை இருப்பது ஈரப்பிடிமானத் தரம். இந்த அறிகுறிக்கு ஏ தரத்துக்குக் குறையாமல் வாங்குங்கள். ஒரே மாடலிலும் அளவுக்கு அளவு தரம் மாறும். ஆகவே உங்கள் அளவுக்கு உரிய தரத்தையே பார்க்க வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தாலும் தயாரான நாடு வேறாக இருந்தால், ஐரோப்பிய லேபிளை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் விற்பவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அமெரிக்க முறையில் டயரிலேயே பொறித்திருக்கும் டிராக்ஷன் தரம் ஏஏ, ஏ, பி, சி என்று போகும். ஈரமான தளத்தில் நேர்க்கோட்டில் சக்கரத்தைப் பூட்டி இழுத்துப் பெறும் உராய்வு மதிப்பு அது. ஏஏ பெறத் தார்த்தளத்தில் 0.54-க்கு மேலும் கான்கிரீட்டில் 0.38-க்கு மேலும் எட்ட வேண்டும். ஈரமான கான்கிரீட்டில் டயர் எவ்வளவு குறைவாகப் பற்றுகிறது என்பதை இந்த இரு எண்களே காட்டிவிடுகின்றன. தாரிலிருந்து கான்கிரீட் சாலைக்கு மாறும் இடத்தில் கார் திடீரென்று வழுக்குவதாகத் தோன்றினால், அது உங்கள் கற்பனையன்று.

தேங்கிய நீரில் ஸ்டீயரிங் லேசாகிவிடுகிறது

இதுவே எல்லாவற்றிலும் ஆபத்தானது. எனவே இதில் சற்று நிற்போம்.

மரக்காணம் உப்பளங்களைக் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு கார்த்திகை மாலையில் வந்துகொண்டிருந்தேன். மழை விட்டிருந்தது, வண்டி 90-ஐத் தொட்டிருக்கும். சாலையின் இடது ஓரம் தாழ்ந்திருந்த இடத்தில் நீர் கண்ணாடிபோல் நின்றது. அதில் நுழைந்த கணத்தில் சக்கரத்தின் இரைச்சல் மாறியது. வீல் வளைவுக்குள் யாரோ சரளைக் கல்லை வாரி இறைத்ததுபோல் ஒரு சத்தம் கேட்டு, உடனே அடங்கியது. ஸ்டீயரிங் கையில் எடையே இல்லாமல் மிதந்தது. எஞ்சின் சுற்று முள் தானாக ஏறியது. ஒரு நொடிக்கும் குறைவான நேரம்தான். அந்த நேரத்தில் என் காரின் முன்சக்கரங்கள் சாலையில் இல்லை.

சத்தம் அடங்குவது, ஸ்டீயரிங் லேசாவது, முன்சக்கர இயக்கக் காரில் எஞ்சின் சுற்று ஏறுவது ஆகிய இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அது நீர்மிதப்பு, ஆங்கில வழக்கில் ஹைட்ரோபிளேனிங் அல்லது அக்வாபிளேனிங். அப்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, சக்கரம் மீண்டும் தரையைத் தொடும் வரை பொறுக்க வேண்டும். பிரேக்கை ஓங்கி மிதிப்பதும் ஸ்டீயரிங்கைத் திருப்புவதும் மிகப் பெரிய தவறு. திருப்பிய நிலையில் சக்கரம் தரையைப் பற்றினால் கார் அந்தத் திசையில் பாயும். மழையில் குரூஸ் கன்ட்ரோல் போடவே கூடாது.

ஏன் இப்படி ஆகிறது என்பதை ஒரு கணக்கு தெளிவாக்கும். 205 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர், 3 மில்லிமீட்டர் நீரில், 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் பாதையில் ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 13.5 லிட்டர் நீர் வருகிறது. நொடிக்கு ஒரு குடம் நீரை அந்த ஒற்றைச் சக்கரம் ஒதுக்கித் தள்ளியாக வேண்டும். சுமார் 1,200 கிலோ எடையுள்ள காரில் ஒரு சக்கரத்தின்மேல் 300 கிலோ இறங்குகிறது; 33 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் அது தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 130 சதுர சென்டிமீட்டர், அதாவது விரித்த கையளவு. அதன் நீளம் 8 சென்டிமீட்டர் என்றால், டிரெட்டின் ஒரு புள்ளி தரையைத் தொட்டிருக்கும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் நான்கு பங்குகூட இல்லை. அதற்குள் குடம் காலியாக வேண்டும். காலியாகாவிட்டால் நீர் ஆப்புபோல் டயருக்கு அடியில் நுழைந்து அதைத் தூக்கிவிடும்.

1963-இல் நாசாவில் வால்டர் ஹார்ன் விமான டயர்களை வைத்து ஆராய்ந்து ஒரு எளிய உறவை வெளியிட்டார். பள்ளங்களால் வடிக்க முடியாத ஆழத்துக்கு நீர் இருக்கும்போது, டயர் முழுவதுமாக மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதே அது. கிலோமீட்டரில் சொன்னால், பி.எஸ்.ஐ. அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 16.7-ஆல் பெருக்க வேண்டும். 33 பி.எஸ்.ஐ.க்கு 96 கிலோமீட்டர் வருகிறது, 25 பி.எஸ்.ஐ.க்கு 83 கிலோமீட்டர்தான். காற்றைக் கவனிக்காமல் விட்ட ஒரு மாதத்தில் நீங்கள் இழப்பது இந்த இடைவெளி. கார் டயரின் அகலமும் வடிவமும் வேறு என்பதால் இந்த எண்ணை எல்லையாக நம்பி ஓட்டக் கூடாது. அழுத்தத்தின் பங்கை உணர்த்தவே இதைச் சொன்னேன். அதற்காகப் பட்டியலைத் தாண்டிக் கூடுதலாகக் காற்று நிரப்புவதும் சரியன்று. தொடும் பரப்பு சுருங்கி, சாதாரண ஈரத்தில் பிடிமானம் குறையும்.

அடுத்த காரணம் ஆழம். 7 அல்லது 8 மில்லிமீட்டரில் பிறக்கும் பள்ளம் பாதியாகத் தேய்ந்தால், நீர் வழிந்தோட இருக்கும் கொள்ளளவும் பாதியாகிறது. குறுக்கே வெட்டியிருக்கும் மெல்லிய கீறல்கள் பல டயர்களில் அதற்குள்ளேயே மறைந்துவிடுகின்றன.

மூன்றாவது காரணத்தைத்தான் கார் ஆர்வலர்கள் ஏற்கத் தயங்குகிறார்கள்: அகலம். 205/55 ஆர்16 அளவிலிருந்து 225/45 ஆர்17-க்கு (முதல் எண் மில்லிமீட்டரில் அகலம்) மாறுவது நம்மூரில் மிகவும் பரவலான மாற்றம். இரண்டின் விட்டமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஸ்பீடோமீட்டர் பெரிதாக மாறாது. பார்க்க அழகாக இருக்கிறது. உலர்ந்த சாலையில் திருப்பங்கள் கூர்மையாகின்றன. ஆனால் எடையும் அழுத்தமும் மாறாதவரை தரையைத் தொடும் பரப்பும் பெரிதாக மாறாது. அகலம் கூடினால் நீளம் குறைகிறது. ஒதுக்க வேண்டிய நீர் கூடுகிறது, அதற்குக் கிடைக்கும் நேரம் குறைகிறது, நடுவிலிருக்கும் நீர் ஓரத்துக்குப் போக வேண்டிய தூரமும் கூடுகிறது. அன்று மரக்காணத்தில் என் காரில் இருந்தவை நான் ஆசைப்பட்டு மாற்றிய 225 டயர்கள்; பள்ளம் 3.5 மில்லிமீட்டர். அடுத்த முறை கம்பெனி அளவுக்கே திரும்பினேன். மழைக்காலத்தில் நெடுஞ்சாலையில் அதிகம் ஓட்டுபவர் எவராயினும் நான் சொல்வது இதுதான்: கம்பெனி கொடுத்த அகலத்தைத் தாண்டாதீர்கள்; அந்தப் பணத்தை அதே அளவில் உயர்ந்த தரமுள்ள டயருக்குச் செலவிடுங்கள்.

இந்த அறிகுறிக்கு டயர் தேடும்போது ஒன்றை மறக்கக் கூடாது. மேலே சொன்ன ஐரோப்பிய ஈரத்தரமும் அமெரிக்க டிராக்ஷன் தரமும் மெல்லிய நீர்ப்படலத்தில் பிரேக் பிடித்துப் பெறப்பட்டவை. நீர்மிதப்பை அவை அளப்பதில்லை. ஏ தரம் பெற்ற டயர் தேங்கிய நீரில் சாதாரணமாக இருப்பது சாத்தியமே. இங்கே கண்ணால் பார்த்தே தேர்ந்தெடுக்கலாம்: சுற்றளவு நெடுக ஓடும் அகலமான பள்ளங்கள் மூன்றுக்குக் குறையாமல், முடிந்தால் நான்கு, அவற்றிலிருந்து தோள்பட்டை வழியாக வெளியே திறக்கும் குறுக்கு வாய்க்கால்கள், புதிதாக இருக்கும்போதே 7 மில்லிமீட்டருக்குக் குறையாத ஆழம். அம்புமுனைபோல் வி வடிவில் பள்ளம் அமைந்த ஒருதிசை டயர்கள் நீரை வடிப்பதில் பொதுவாகச் சிறந்தவை. பத்திரிகைகளின் ஒப்பீட்டுச் சோதனைகளில் நேர்க்கோட்டு மிதப்பு வேகம், திருப்பத்தில் மிதப்பு என்று தனித்தனியாகத் தருவார்கள். பிரேக் தூரத்தோடு அந்த வரிகளையும் படியுங்கள்.

பிரேக் பிடிக்கும்போதோ குட்டையில் இறங்கும்போதோ ஒரு பக்கம் இழுக்கிறது

சாலையின் ஓரத்தில் மட்டும் நீர் தேங்கியிருந்து, இடதுபக்கச் சக்கரங்கள் மட்டும் அதில் இறங்கினால் எந்தக் காரும் அந்தப் பக்கம் இழுக்கத்தான் செய்யும். சாலை முழுதும் ஒரே சீராக நனைந்திருக்கும்போதும் இழுத்தால், இடம் வலம் இரண்டு டயர்களையும் ஒப்பிட வேண்டும். பெரும்பாலும் அழுத்த வேறுபாடு தெரியும். இல்லையென்றால் ஒரு பக்கத்தின் உள்விளிம்பு மட்டும் மொழுமொழுவென்று தேய்ந்திருக்கும். சஸ்பென்ஷனைத் தாழ்த்திய கார்களில் சக்கரம் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்வதால் இது விரைவாக நடக்கிறது. வெளிப்பக்கம் 5 மில்லிமீட்டர், உள்பக்கம் 2 மில்லிமீட்டர் என்றிருந்தால் மழையைப் பொறுத்தவரை அது 2 மில்லிமீட்டர் டயரே. வீல் அலைன்மென்ட்டைச் சரிசெய்யாமல் புதிய டயர் போட்டால் அதுவும் அதே கதிக்கு ஆளாகும்; எனவே இங்கே டயருக்கு முன் அலைன்மென்ட். பஞ்சர் ஆனபோது அவசரத்துக்கு மாட்டிய வேறு கம்பெனி டயர் ஒரே அச்சில் நிலைத்துவிட்டதா என்பதையும் பாருங்கள். ஒரே அச்சில் இருவகை டயர் இருக்கவே கூடாது.

வளைவில் கார் பின்பக்கமாக வீசுகிறது

மழையில் வளைவில் காலை எடுத்ததும் பின்பக்கம் வெளியே நழுவுகிறது, ஸ்திரத்தன்மைக் கட்டுப்பாட்டின் மஞ்சள் விளக்கு மினுக்குகிறது என்றால், பின் டயர்கள் முன் டயர்களைவிடத் தேய்ந்திருக்கின்றனவா என்று அளந்து பாருங்கள். முன்சக்கர இயக்கக் காரில் முன் டயர்கள் முதலில் தேயும். இரண்டு மட்டும் வாங்குபவர், இழுக்கும் சக்கரம் அதுதானே என்று புதியவற்றை முன்னால் போட்டுக்கொள்கிறார். பல கடைகளிலும் அதையே சொல்கிறார்கள். அது தவறு. முன்சக்கரம் பிடிமானம் இழந்தால் கார் நேராகப் போகும். ஓட்டுநருக்கு ஸ்டீயரிங் வழியே முன்கூட்டியே தெரியும். வேகத்தைக் குறைத்தால் சரியாகும். பின்சக்கரம் இழந்தால் எந்த அறிவிப்பும் இல்லாமல் கார் சுழலும். பழகிய ஓட்டுநரும் ஈரச்சாலையில் அதை மீட்பது கடினம். ஆகவே இரண்டே வாங்கினாலும் புதியவை பின்னால், மீதமுள்ள நல்லவை முன்னால். எஞ்சின் எந்தச் சக்கரத்தை இயக்கினாலும் இதுவே விதி.

வேகமான காருக்கு நான்கையும் ஒன்றாக மாற்றுவதே சிறந்தது. அதற்கு இடம் கொடுக்க வேண்டுமானால் 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போட்டு, நான்கும் சேர்ந்தே தேயும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிக்னலில் கிளம்பும்போது முன்சக்கரம் வீணாகச் சுழல்கிறது

இது பெரும்பாலும் காலின் வேலை. டர்போ எஞ்சின் குறைந்த சுற்றிலேயே முழு இழுவிசையைத் தந்துவிடுகிறது. ஈரச்சாலை அதில் பாதியைக்கூடத் தாங்காது. இரண்டாவது கியரிலும் மெதுவாக முடுக்கும்போதும் சுழன்றால் மட்டுமே டயரைப் பார்க்க வேண்டும். அப்போது முதல் அறிகுறியின் வழியிலேயே செல்லுங்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தடத்தில் ஓட்டுவதற்காக வாங்கிய டயரையே அன்றாடம் மாட்டிக்கொண்டிருப்பவர்கள் இந்தக் கோளாறைச் சந்திப்பது இயல்பு. அத்தகைய டயர்களில் டிரெட்வேர் எண், அதாவது தேய்மானத்தைத் தாங்கும் திறனைக் குறிக்கும் எண், 200 அல்லது அதற்குக் கீழே இருக்கும். பள்ளம் புதிதிலேயே ஆழம் குறைவு. ரப்பர் சூடேறிய பிறகே முழுதாகப் பற்றும். மழை அந்தச் சூட்டை ஏறவே விடாது. பெயரைப் பார்த்து ஏமாறவும் வாய்ப்புண்டு: மிஷெலினின் பைலட் ஸ்போர்ட் 4 சாலைக்கான டயர், பைலட் ஸ்போர்ட் கப் 2 பந்தயத்தடத்தை மனத்தில் வைத்துச் செய்தது, பெயரில் பாதி ஒன்றுதான், மழையில் இரண்டும் வேறு. டிரெட்வேர் 300-ஐ ஒட்டிய சாலை டயரே நம் மழைக்கும் வேகத்துக்கும் நடுவில் சரியாக நிற்கிறது. அந்த எண்ணை அந்தந்த நிறுவனமே தருகிறது என்பதால், ஒரு நிறுவனத்தின் 300-ஐயும் இன்னொன்றின் 340-ஐயும் வைத்து எது மென்மையானது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒரே நிறுவனத்தின் மாடல்களுக்குள் ஒப்பிட அது போதும்.

ஆழமான பள்ளம் இருக்கிறது என்பதற்காகக் குளிர்நாட்டு டயரை வரவழைத்துப் போடும் யோசனையை விட்டுவிடுங்கள். 7 டிகிரிக்குக் கீழே வேலை செய்யக் கலந்த அந்த ரப்பர், மழை நாளிலும் அந்த அளவுக்குக் குளிராத நம் கடலோரத்தில் குழைந்து நெளியும்.

புதிய டயர் போட்டும் வழுக்குகிறது

முதல் சில நூறு கிலோமீட்டர் என்றால் கவலைப்பட வேண்டாம். வார்ப்பிலிருந்து டயர் ஒட்டாமல் வெளிவருவதற்காகப் பூசிய பொருளின் மிச்சம் மேற்பரப்பில் இருக்கும். 300 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டினால் அது தேய்ந்து போய்விடும். மழைக்கு முந்தைய நாள் டயர் மாற்றுவதைவிட, இரண்டு வாரம் முன்னதாக மாற்றுவது இதற்காகவும் நல்லது.

அதற்குப் பிறகும் வழுக்கினால் மாட்டிய திசையைப் பாருங்கள். ஒருதிசை டயரின் பக்கச்சுவரில் ரொட்டேஷன் என்ற சொல்லும் அம்புக்குறியும் இருக்கும். கார் முன்னோக்கிப் போகும்போது சக்கரம் உருளும் பக்கம் அந்த அம்பு காட்ட வேண்டும். தலைகீழாக மாட்டினால் நீரை ஓரத்துக்குத் தள்ள வேண்டிய பள்ளங்கள் நடுவுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். இருபக்கமும் வேறுவேறு வடிவம் கொண்ட டயரில் அவுட்சைட் என்று பொறித்த பக்கம் வெளியே தெரிய வேண்டும். என் காரில் ஒருமுறை நான்கில் ஒன்றை ஒரு கடையில் உள்வெளி மாற்றி மாட்டிவிட்டார்கள். பேலன்சிங் சரி, அலைன்மென்ட் தாள் சரி, பில் சரி. மழையில் மட்டும் வலது பின்பக்கம் நிலைகொள்ளவில்லை. மூன்றாவது நாள் காரைத் துடைக்கும்போதுதான், ஈரத்துணி போன வழியில் வலது பின்சக்கரத்தின் பக்கச்சுவரில் இன்சைட் என்ற எழுத்துகள் கண்ணில் பட்டன. அன்றிலிருந்து பணம் கொடுப்பதற்கு முன் நான்கு சக்கரங்களையும் சுற்றி வந்து அந்தச் சொல்லை விரலால் தடவிப் பார்க்கிறேன்.

அப்படிச் சுற்றி வரும்போதே தயாரிப்புத் தேதியையும் படித்துவிடுங்கள். நான்கிலும் ஒரே ஆண்டு இருக்க வேண்டும். வாங்கும் நாளுக்கு ஓராண்டுக்கு மேல் பழையதை நான் ஏற்பதில்லை. அதிகம் விற்காத அளவுகளில் பழைய இருப்பு நின்றுபோவது உண்டு என்பதால், முன்பணம் தரும்போதே தேதியைக் கேட்டுவிடுவது நல்லது. பக்கச்சுவரில் டயர் அளவுக்குப் பின்னால் 91வி என்பதுபோல் ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். 91 என்பது ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்பதையும், வி என்பது 240 கிலோமீட்டர் வேகத்துக்குத் தகும் என்பதையும் சொல்கின்றன. கம்பெனி குறித்ததைவிட இவை குறையக் கூடாது.

மாட்டிய மறுநாள் காலை, கார் ஆறியிருக்கும்போது, காற்றை மறுபடியும் அளந்து பட்டியல்படி திருத்துங்கள். கடையில் சூடான ரப்பரில் நிரப்பியது குறைந்திருக்கும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் உள்விளிம்பின் ஆழத்தை அளந்து, வெளிவிளிம்போடு சேர்த்துக் குறித்து வையுங்கள். இரண்டுக்கும் அரை மில்லிமீட்டர் வேறுபாடு வந்திருந்தால் அன்றே அலைன்மென்ட்டுக்கு விடுங்கள்.